உட்கார வைத்த பிள்ளைகள்

பள்ளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் என் அம்மா ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோர்களுக்கான படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் கதவுகள் எல்லாம் திறக்கும். மற்ற நாள்களில் சாவிக்கொத்து அம்மாவின் இடுப்பில் இருக்கும். வாரம் ஒருமுறை முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை கூட்டித் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து காற்று விட்டு, மறுபடியும் பூட்டிவிட்டு வருவார். கோடை விடுமுறையில் ஒருநாள் அம்மாவுக்குத் துணையாக நானும் என் மகளும் போயிருந்தோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பை முடித்திருந்தாள்.

அவள் வளவை, அதாவது நடுமுற்றத்தை, ஒட்டிய நடையில், ஒரு தேக்குத் தூணில் சாய்ந்து, ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் கால் நீட்டி உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மணி பத்து இருக்கும். வளவில் விழும் வெயில் ஒரு கட்டமாகத் தரையில் கிடந்து, சூரியன் ஏற ஏற நகர்ந்துகொண்டே வந்தது. அம்மாவும் நானும் வீடு முழுக்கக் கூட்டி முடித்து, பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தபோது, அந்த வெயிலின் ஓரம் அவள் கால் பெருவிரலைத் தொட்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து வெயில் மறுபடி தொட்டது, மறுபடி இழுத்துக்கொண்டாள். மூன்றரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளையின் உடம்பில் நான் கண்ட அசைவு அவ்வளவுதான்.

"எந்திரிச்சுப் போயி வெளையாடேன்த்தா" என்றார் அம்மா. அதற்கு அவள் கோபமோ சலிப்போ இல்லாமல், "யார்கூட அம்மாச்சி?" என்று கேட்டாள். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

எங்கள் ஐயா, அதாவது அம்மாவைப் பெற்றவர், இதே ஊரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எதிலாவது குழப்பம் வந்தால் முதலில் அதைப் பற்று, வரவு என்று எழுதிப் பார்க்கச் சொல்லுவார். எழுதிப் பார்க்காத கடனும் எழுதிப் பார்க்காத கவலையும் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் அல்லது சிறிதாகத் தெரியும், சரியாக ஒருபோதும் தெரியாது என்பது அவர் எண்ணம். நானும் காரைக்குடியில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள்தான். பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் மகளின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை ஐந்தொகை போட்டுப் பார்த்தேன்.

காலை 6.15க்கு எழுந்து இரவு 10.15க்குப் படுக்கிறாள், விழித்திருப்பது 960 நிமிடம். பள்ளி வேனில் போக 50, வர 50. பள்ளியில் இருக்கும் 445 நிமிடத்தில், காலை வழிபாட்டுக்கு நிற்பது, இரண்டு சிறு இடைவேளை, சாப்பிட்ட பிறகு கொஞ்சம் சுற்றுவது ஆகியவற்றைக் கழித்தால் 390 நிமிடம் பெஞ்சில். டியூஷன் 120, வீட்டுப்பாடம் 60, டிவியும் செல்போனும் சேர்த்து 75, காலையும் இரவும் சாப்பிட 40. கூட்டினால் 785 நிமிடம், அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். நான் அதிர்ந்துபோனது கூட்டுத்தொகையைப் பார்த்து மட்டும் அன்று. இந்த 785 நிமிடத்தில் அவளாக விரும்பி உட்கார்ந்தது 75 நிமிடம்தான். மிச்சம் 710 நிமிடமும் நாங்கள், பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து, அவளை உட்கார வைத்தது. அதுவரை நான் திட்டிக்கொண்டிருந்தது அந்த 75 நிமிடத்துக்காக மட்டும்.

விழித்திருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, ஓய்வில் உடம்பு செலவழிக்கும் ஆற்றலைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் செலவழிக்காமல் கழிக்கும் நேரத்தைத்தான் ஆய்வாளர்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் என்று கணக்கிடுகிறார்கள். இது உடற்பயிற்சி செய்யாமல் இருப்பதிலிருந்து வேறானது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது. சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் சிலம்பம் கற்றுக்கொள்ளும் பிள்ளை, மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் இருக்க முடியும்; சிலம்பத்துக்கான வரவு வேறு பக்கம், நாற்காலிக்கான பற்று வேறு பக்கம், ஒன்று மற்றொன்றை முழுவதும் நேர் செய்துவிடுவதில்லை. 1953இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு, நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு, மாடிப் பேருந்தில் படியேறி இறங்கிக்கொண்டிருந்தவர்களைவிட இதய நோய் கூடுதலாக வந்ததைக் காட்டினார். ஒரே வண்டி, ஒரே சாலை. ஒருவர் அமர்ந்திருந்தார், மற்றவர் ஏறி இறங்கினார்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஆடி ஓட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது அது தசையையும் எலும்பையும் உறுதிப்படுத்தும் விதமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தை, அதிலும் பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறைக்கச் சொல்கிறதே ஒழிய, இத்தனை மணி நேரம் என்று எண் குறிக்கவில்லை. என் மகளின் செவ்வாய்க்கிழமையில் அந்த 60 நிமிடத்துக்கு எதிரே எழுத என்னிடம் எதுவும் இல்லை. அவள் ஒருத்தி மட்டும் இல்லை. 2016ஆம் ஆண்டுவரை 146 நாடுகளில் திரட்டிய தகவல்களின்படி 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, "ஒல்லியாத்தானே இருக்கா, அவளுக்கு என்ன?" என்று கேட்டார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது, நம் நாட்டுக் குழந்தைகள் பார்வைக்கு மெலிந்திருந்தும் தசை குறைந்து கொழுப்புக் கூடியவர்களாகப் பிறக்கவும் வளரவும் செய்கிறார்கள் என்பது. 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பள்ளி வயதுப் பிள்ளைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை தெரிந்தது. இவர்கள் எல்லாரும் குண்டான பிள்ளைகள் அல்லர். எங்கள் பக்கத்தில் பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல் ஆனால்தான் உடம்பைக் கவனிக்கத் தொடங்குகிறோம். அதற்கு முன்பே உள்ளே கணக்கு மாறியிருக்கலாம்.

உட்கார்ந்திருப்பதில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சிறிய சோதனை நல்ல விளக்கம் தருகிறது. அமெரிக்காவில் 7 முதல் 11 வயது வரை உள்ள 28 ஆரோக்கியமான பிள்ளைகளை ஒருநாள் மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார வைத்தார்கள். இன்னொரு நாள் அதே மூன்று மணி நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் நடக்க வைத்தார்கள். நடந்த நாளில், ஊட்டப்பட்ட சர்க்கரையைச் சமாளிக்க உடம்பு சுரந்த இன்சுலின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பாராமல் தானாகவே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காலிலும் தொடையிலும் உள்ள பெருந்தசைகள் சும்மா கிடந்தால் அந்த வேலை முழுவதும் கணையத்தின் தலையில் விழும். அரைமணிக்கு மூன்று நிமிடம் என்பது தண்ணீர்ப் பானை வரைக்கும் போய்வரும் நேரம். என் மகள் வகுப்பில் ஒரு பீரியட் நடுவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அது ஒழுங்கீனம்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்தாம் வகுப்பில் அவளுக்குக் கண்ணாடி போட்டபோது, செல்போன் பார்த்துக் கெடுத்துக்கொண்டாய் என்று அவளைத்தான் குற்றம் சொன்னேன். சீனாவின் குவாங்சோவில் பன்னிரண்டு பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. பாடமோ வீட்டுப்பாடமோ குறைக்கப்படவில்லை, வெளிச்சத்தில் இருந்த நேரம்தான் கூடியது. வெட்டவெளியின் பிரகாசம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்று விளக்குகிறார்கள். ஆண்டு முழுக்க வெயில் காயும் சீமையில் பிறந்த பிள்ளைகள், வெயில் இல்லாத அறைகளில் கண்ணாடி அணிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

உடம்பைவிட மனத்தைப் பற்றிய செய்திதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வு இருக்கிறது. அவர்களில் 4,257 பேருக்கு 12, 14, 16 வயதுகளில் இடுப்பில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பதிவு செய்ததையும், 18 வயதில் அவர்களிடம் தென்பட்ட மனச்சோர்வின் அளவையும் 2020இல் பொருத்திப் பார்த்தார்கள். 12 வயதில் நாள் ஒன்றுக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருந்த அசையா நேரம், 16 வயதில் எட்டே முக்கால் மணி நேரத்தை நெருங்கியிருந்தது. 12 வயதில் கூடுதலாக அசையாமல் கழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், 18 வயதில் மனச்சோர்வு மதிப்பெண் 11 விழுக்காடு கூடியிருந்தது. ஓடி ஆடாவிட்டாலும் சும்மா நடந்து, நின்று, வீட்டு வேலை செய்து அந்த நேரத்தைக் கழித்தவர்களுக்கு மதிப்பெண் குறைந்திருந்தது. அந்தக் கருவி அளந்ததும் நான் நோட்டில் எழுதியதும் ஒரே முறையிலான கணக்கு அன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. உட்கார்ந்ததால் சோர்ந்தார்களா, சோர்வின் தொடக்கத்தில் இருந்தவர்கள்தான் கூடுதலாக உட்கார்ந்தார்களா என்பதையும் இப்படிப்பட்ட ஆய்வு முற்றாகப் பிரித்துக் காட்டிவிடாது. இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் என்றே ஒரு தாயாக எனக்குத் தோன்றுகிறது.

உட்காருவது எல்லாமே ஒன்று அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016இல் 235 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், திரை முன் உட்கார்ந்த நேரம் கூடக் கூட உடல் எடையும் நடத்தைச் சிக்கல்களும் கூடுவதும் தன்மதிப்புக் குறைவதும் தெரிந்தன. ஆனால் புத்தகம் படித்தும் வீட்டுப்பாடம் எழுதியும் உட்கார்ந்த நேரத்துக்குப் படிப்பில் நன்மையே தெரிந்தது. என் அம்மா பிற்பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்காவோடு பல்லாங்குழி ஆடுவார். கை ஓடும், வாய் ஓடும், தோற்றால் கோபம் வரும், அடுத்த ஆட்டத்தில் தீரும். அந்த உட்காருதலையும் தூணில் சாய்ந்து விரலை இழுத்துக்கொண்ட உட்காருதலையும் ஒரே பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் சிறுமியாக இருந்த நாளில் எதிரே ஆள் இருந்தார்கள் என்பதே பெரிய வேறுபாடு. சடுகுடுவில் தொட்டேன், தொடவில்லை என்று சண்டை போட்டு, ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி சேர்ந்து, முழங்காலில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தபோது, தோற்பதற்கும் பொறுப்பதற்கும் நாங்கள் பழகியிருந்தோம். யாரும் எங்களுக்கு அதைப் பாடமாக நடத்தவில்லை. கொரோனாக் காலத்தில் பள்ளி மூடியபோது செல்போன் என் மகளின் கைக்குள் வகுப்பறையாக வந்தது. பள்ளி திறந்த பிறகும் அது கையை விட்டுப் போகவில்லை. டியூஷனிலிருந்து வந்து அதை வைத்துக்கொண்டு உட்காருவாள், தூக்கம் தள்ளிப்போகும். கனடா நாடு 2016இல் வெளியிட்ட இருபத்து நான்கு மணி நேர வழிகாட்டுதலில் 5 முதல் 13 வயது வரை 9 முதல் 11 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள். இவள் தூங்குவது எட்டு. காலையில் எதற்கெடுத்தாலும் வெடுக்கென்று பேசுவதை அவளுடைய குணம் என்று நினைத்திருந்தேன்.

நான் முன்னே சொன்ன 81 விழுக்காட்டைப் பிரித்துப் பார்த்தால் ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. அந்த ஏழு விழுக்காட்டு இடைவெளியைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் ஊரணிப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. பதின்மூன்று வயது வரை நானும் அங்கே பையன்களோடு குதித்து நீந்தியவள். மறுகரைக்கு யார் முதலில் போவது என்ற போட்டியில் நான் பலமுறை முதலில் போயிருக்கிறேன். சடங்கு சுற்றிய பிறகு ஒருநாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பியபோது, "இனிமே அங்கெல்லாம் போகப்படாது, உள்ள வந்து உக்காரு" என்றார் அம்மா. வைததில்லை, அடித்ததில்லை, மெதுவாகத்தான் சொன்னார். நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அதன் பிறகு என் ஓட்டம் என்பது பேருந்தைப் பிடிப்பதற்காக மட்டும்தான். அடக்கமாக உட்கார்ந்திருக்கிற பெண் நல்ல பெண் என்ற சொல்லை நானே என் மகளைப் பற்றி எத்தனை விருந்துகளில் மகிழ்ச்சியோடு கேட்டிருக்கிறேன் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. எலும்பின் அடர்த்தி பெண்களுக்குப் பதினெட்டு வயதுக்குள்ளேயே பெரும்பாலும் சேர்ந்து முடிந்துவிடுகிறது. குதித்தும் ஓடியும் சேர்க்க வேண்டிய அந்தச் சில ஆண்டுகளில்தான் நாம் அவர்களை உள்ளே கூப்பிடுகிறோம்.

பள்ளியில் போய்க் கேட்டேன். அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் இருக்கிறது, அவற்றில் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார், மற்றொன்றில் பையன்கள் மைதானத்தில் கிரிக்கெட் ஆடப் பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாடம் முடிக்க வேண்டாமா என்று கேட்டார்கள். பாடம் முடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு பீரியடும் பிள்ளைகளின் வரவு, அதைக் கேட்காமல் வேறு பேரேட்டில் எழுத யாருக்கும் உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னோடு இன்னும் ஐந்து தாய்மார் கையெழுத்துப் போட்டார்கள். இப்போதைக்குக் கணக்கு ஆசிரியர் ஒரு பீரியடை விட்டுக்கொடுத்திருக்கிறார். வேப்பமரத்தடி இன்னும் மாறவில்லை.

வீட்டில் எங்களால் முடிந்ததைச் செய்தோம். டியூஷனை ஆறு நாளிலிருந்து மூன்று நாளாக்கினோம். மாலையில் வேனை இரண்டு நிறுத்தம் முன்னதாகவே நிறுத்தச் சொல்லி, அங்கே நானோ என் கணவரோ நின்று அவளை நடத்திக் கூட்டிவருகிறோம், பதினைந்து நிமிடம் ஆகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்லுகிறாள். எதிரே முகம் பார்த்துக் கேட்டால் ஒன்றும் சொல்லாதவள், பக்கத்தில் நடந்தால் நிறுத்தாமல் பேசுகிறாள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு 150 கிலோமீட்டர் அளவுக்கு நடந்து போகும் தாத்தாக்களையும் பாட்டிகளையும் ஆண்டுதோறும் பார்க்கிற ஊர் இது. ஒரு கார்த்திகை நாளில் நாங்கள் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரை நடந்து பார்த்தோம். பாதி வழியில் ஒரு பாலத்துத் திண்டில் உட்கார்ந்து, முடியவில்லை என்று அழுதாள். பத்துக் கிலோமீட்டர் அளவுதான் தூரம், பன்னிரண்டு வயது. அப்போது நான் அவளை அதட்டவில்லை; தண்ணீர் கொடுத்து, அவள் எழும்வரை பக்கத்தில் நின்றேன். எழுந்து நடந்தாள், மலைப்படியும் ஏறினாள்.

"யார்கூட அம்மாச்சி?" என்ற கேள்விக்குப் பதில் தேடுவதுதான் கடினமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை ஊருக்குக் கூட்டிப்போகத் தொடங்கினேன். அம்மா தெருவில் இரண்டு வீட்டில் சொல்லிவைத்தார். பெரிய வீட்டுக்கு வெளியே, திண்ணையை ஒட்டிய சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் பாண்டிக் கட்டம் போட்டுக் கொடுத்து, சில்லுக்கு ஓர் உடைந்த ஓட்டைத் தேய்த்து மழமழப்பாக்கித் தந்ததும் அம்மாதான். முதல் வாரம் மகள் ஒற்றைக் காலில் மூன்று கட்டம் தாண்டுவதற்குள் நிலைதடுமாறிக் காலை ஊன்றினாள். நான்காவது வாரம் ஆட்டத்தை வென்று பழம் எடுத்துவிட்டுக் கத்திய கத்தலில் எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

போன ஞாயிறு மூன்று பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, மூன்று மாதத்துக்கு முன்புதான் சடங்கு நடந்தது. அவள் சில்லை எறிந்து காலைத் தூக்கிய நேரத்தில், கீழ்த்தெரு முனையிலிருந்து அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது. "ஏய், தெருவுல என்ன குதிப்பு? உள்ள வந்து உக்காரு." அந்தப் பெண் தூக்கிய காலை இறக்கிவிட்டு, சில்லை எடுத்து என் மகளின் கையில் கொடுத்தாள். அதே மெதுவான கீழ்ப்படிதல். திண்ணையில் என் அம்மா சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வீட்டை நோக்கி நடந்தேன்.

"அக்கா, இன்னும் அரைமணி நேரம் ஆடட்டும். நான் இங்கேயேதான் இருக்கேன், பாத்துக்கிறேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், தெருவைப் பார்த்தார், வானத்தில் வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்.

"இருட்டுறதுக்குள்ள அனுப்பிரு" என்றார்.